பாலுக்கும் கணக்கு உண்டு

கேள்வி: இறைச்சி உண்பதால்தான் பூமி சூடாகிறது என்று ஐ.நா.வே சொல்லிவிட்டது. நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சைவம். அசைவம் சாப்பிடுகிறவர்கள் திருந்தினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இதை எழுத உங்கள் பத்திரிகை ஏன் தயங்குகிறது?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: தயக்கம் எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் கணக்கில் பால் விடுபட்டுவிட்டது. அதைச் சேர்க்காமல் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2013-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, மனிதச் செயல்களால் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பிலிருந்து வருகிறது. 2023-ல் அதே அமைப்பு ஏறக்குறைய 12 சதவீதம் என்றது. எப்படிப் பார்த்தாலும் 'பாதிப் பிரச்சினை' இல்லை. பெரும்பங்கு நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயுவினுடையது.

சரி, அந்த 14.5 சதவீதத்தைப் பிரித்தால் என்ன தெரிகிறது? மாட்டிறைச்சிக்கு 41 சதவீதம். அடுத்த இடம் பசும்பாலுக்கு, 20 சதவீதம். கோழிக்கறியும் முட்டையும் சேர்ந்தே 8 சதவீதம்தான். நீங்கள் குறை சொல்லும் பட்டியலில் கோழி இருக்கிறது, பால் இல்லை.

காரணம் மாட்டின் வயிற்றில் இருக்கிறது. அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள்தான் நாரைச் செரிக்க உதவுகின்றன. அப்போது உருவாகும் மீத்தேன் பெரும்பாலும் ஏப்பமாக வாய்வழியே வெளியேறுகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடை கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு இது. மாடு கறிக்காக வளர்ந்தாலும் பாலுக்காக வளர்ந்தாலும் ஏப்பம் ஒன்றுதான். ஆட்டுக்கறி பிரியாணிக்காரர்களுக்கும் விலக்கு இல்லை, ஆடும் அசைபோடுகிறது. கோழி அசைபோடுவதில்லை. (உங்கள் டெல்டாவில் நீர் தேங்கி நிற்கும் நெல் வயல்களும் மீத்தேன் விடுகின்றன. அதற்காக யாரும் சோற்றைக் குற்றவாளி ஆக்குவதில்லை.)

119 நாடுகளில் சுமார் 38,000 பண்ணைகளின் தரவுகளைக் கொண்டு ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கிலோ சீஸுக்கான பசுமைக்குடில் வாயு வெளியேற்றம் ஒரு கிலோ கோழிக்கறிக்கானதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. பனீருக்கும் கிலோவுக்கு ஐந்தாறு லிட்டர் பால் வேண்டும். அதே ஆய்வில் பயறு, பட்டாணி போன்றவற்றின் வெளியேற்றம் மிகக் குறைவு. அந்த வகையில் உங்கள் சாம்பாருக்கும் சுண்டலுக்கும் என் முழு ஆதரவு உண்டு. பெருமைப்பட வேண்டுமானால் அதற்குப் பெருமைப்படுங்கள்.

பிரேசிலின் கதை வேறு. அமேசானில் அழிந்த காட்டின் பெரும்பகுதி மாட்டு மேய்ச்சல் நிலமாகிவிட்டது. அங்கே மாட்டிறைச்சியைக் குறைக்கச் சொல்வது முற்றிலும் நியாயம். அந்த வாதத்தை அப்படியே தூக்கிவந்து இந்தியாவில், அதுவும் எப்போதாவது கறி எடுக்கும் ஏழையின் தட்டின் மேல் வைப்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன். தலைக்கு உண்ணும் இறைச்சி இங்கே உலக சராசரியைவிட மிகக் குறைவு. ஆனால் உலகிலேயே அதிகம் பால் கறக்கும் நாடு இது. 2019 கணக்கெடுப்பில் 19 கோடிக்கு மேல் பசுவினம், ஏறக்குறைய 11 கோடி எருமை. இவ்வளவையும் வளர்ப்பது முதலில் பாலுக்காகத்தான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். கன்று ஈனாமல் மாடு பால் தராது. பிறப்பதில் பாதி கடா. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. அந்தக் கடாக்களும் மடி வற்றிய எருமைகளும் எங்கே போகின்றன? எருமை இறைச்சி ஏற்றுமதியில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது. நாம் குடிக்கும் பாலும் அந்த இறைச்சியும் ஒரே தொழுவத்திலிருந்து கிளம்புகின்றன. ஒன்றை மட்டும் புனிதம் என்று தனியே எடுத்து வைத்துக்கொள்ள முடியாது.

பாலை நிறுத்தச் சொல்கிறேனா? இல்லை. இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு சங்கத்தில் பால் ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெண்களிடம் போய் அதைச் சொல்ல எனக்கு மனம் வராது. வெறும் வைக்கோலைத் தின்று இரண்டு லிட்டர் கறக்கும் மாடு, ஒவ்வொரு லிட்டருக்கும் அதிக மீத்தேன் விடுகிறது. பசுந்தீவனம், தாது உப்புக் கலவை, சரியான அளவில் புண்ணாக்கு, காலத்தில் சினை, நோய்க்கு உடனே வைத்தியம் என்று கிடைத்தால் பாலும் கூடும், லிட்டருக்கான மீத்தேனும் குறையும். பெங்களூருவில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து, உடலியல் நிறுவனம் 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கியிருக்கிறது. மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் வரை அது குறைக்கிறது என்கிறார்கள். மீத்தேன் காற்றில் தங்குவது பன்னிரண்டு ஆண்டு அளவுக்குத்தான். குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும்.

டென்மார்க் 2030 முதல் கால்நடை வெளியேற்றத்துக்கு வரி போடத் தீர்மானித்திருக்கிறது. அங்கே பால் பண்ணைகளும் அந்த வரிக்குள் வருகின்றன. நியூசிலாந்து அப்படி ஒரு திட்டத்தை 2024-ல் கைவிட்டது. நம் ஊரில் வரி வேண்டாம். நல்ல தீவனமும் கால்நடை மருத்துவரும் சின்ன விவசாயியின் தொழுவம்வரை வந்து சேர வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். அப்புறம், வசதி உள்ள வீடுகள், சைவமோ அசைவமோ, நெய்யையும் பனீரையும் ஆட்டுக்கறியையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.