ஃபார்முலா சரி, அப்புறம் ஏன் ‘நேன்’?

கேள்வி: சார், மெக்கானிக்கல் ஃபைனல் இயர் படிக்கிறேன். சூடான பிளாஸ்டிக் பிளாக் மேல தண்ணிய வேகமா பீச்சி அடிச்சா மேற்பரப்பு எப்படி ஆறுதுன்னு சி பிளஸ் பிளஸ்ல எழுதியிருக்கேன். நேரத்தோட ஏறுற நம்பர் எக்ஸ்னா, எக்ஸ்ப் எக்ஸ் ஸ்கொயரை (இ-யோட எக்ஸ் ஸ்கொயர் அடுக்கு) இஆர்எஃப்சி எக்ஸால (எக்ஸ் ஏற ஏற வேகமா ஜீரோவுக்கு இறங்குற ஃபங்ஷன்) பெருக்கினா மிச்ச சூடு வரணும். ஆரம்பத்துல நல்லா வருது, நேரம் ஏற ஏற ‘இன்ஃப்’ (முடிவிலி), அப்புறம் ‘நேன்’ (நம்பரே இல்லைன்னு அர்த்தம்). ஃபார்முலா தப்பா?

பதில்: ஃபார்முலா நூத்துக்கு நூறு சரி, அத கணக்கு போடுற விதம்தான் இடிக்குது. டபுள்ல, அதாவது சி பிளஸ் பிளஸ்ல தசம நம்பர் வைக்கிற டேட்டா டைப்புல, சுமார் 10-இன் 308-ஆம் அடுக்கு வரைக்கும்தான் நம்பர் நிக்கும். எக்ஸ் 27 ஆனதும் எக்ஸ்ப் பகுதி அத தாண்டி இன்ஃப் ஆயிடும், 28-ல இஆர்எஃப்சி அவ்ளோ சின்னதாகி வெறும் ஜீரோ ஆயிடும், இன்ஃபை ஜீரோவால பெருக்கினா நேன் வராம வேற என்ன வரும்? ஆனா உண்மையான விடை ரொம்ப சாதாரண நம்பர், எக்ஸ் 30-ன்னா 0.018796. சில பேர் நேன் வந்தா ஜீரோன்னு வெச்சுக்கோன்னு ஒரு இஃப் போட்டு முடிச்சிடுவாங்க, தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க, ஆரம்ப வித்தியாசம் 200 டிகிரின்னா அதுல 3.76 டிகிரி இன்னும் பாக்கி இருக்கு, அத சத்தமில்லாம முழுங்கினா ரிசல்ட்ட எப்படி நம்புறது.

இந்த பெருக்கலுக்கே இஆர்எஃப்சிஎக்ஸ்னு தனி ஃபங்ஷன் இருக்கு. எம்ஐடி-ல இருக்கிற ஸ்டீவன் ஜான்சன் எழுதின ஃபடேவா பேக்கேஜ்ல கிடைக்கும், சி பிளஸ் பிளஸ்க்கு ஒரு சிசி ஃபைல், ஒரு ஹெடர், அவ்ளோதான், உங்க கோடோட சேர்த்து கம்பைல் பண்ணிடலாம். அது ரெண்டையும் தனித்தனியா போட்டு பெருக்கவே பெருக்காது, பெருக்கின விடைய நேரா பிடிக்கும். எக்ஸ் 50 வரைக்கும் வீச்சை 100 துண்டா வெட்டி துண்டுக்கு ஒரு பாலினாமியல், 50-க்கு மேல தொடர் பின்னம். எக்ஸ் ரொம்ப பெருசானா விடை கிட்டத்தட்ட 1-ஐ எக்ஸ் பெருக்கல் ரூட் பை-யால வகுத்தது, 30-க்கு அத கையால போட்டாலே 0.0188 வந்துடும், பாருங்க.

பைத்தான்னா சைபைங்கிற கணக்கு லைப்ரரில இதே கோடுதான் உள்ள ஓடுது, ஸ்பெஷல் மாட்யூல்ல அதே பேர்ல இருக்கும். மாத்தினதும் எக்ஸ் 1-க்கு பழைய முறை, புது முறை ரெண்டையும் ஓட்டுங்க, ரெண்டுலயும் 0.427584 வரணும்.