பழைய அலுமாரிக்கும் வரியா?

கேள்வி: ஐயா, நான் ஓய்வு பெற்ற அரச பாடசாலை ஆசிரியை. மகளோடு இருக்கக் கனடா போவதால், திருகோணமலை உவர்மலை வீட்டுச் சாமான்களைப் பேஸ்புக்கிலும் இக்மனிலும் படம் போட்டு விற்கிறேன். தேக்கு அலுமாரி, தையல் மெஷின், பிரிட்ஜ், கொஞ்சம் நகை. இரண்டு ஏ.சி.யும் உண்டு, உப்புவெளியில் சீசனுக்கு வாடகைக்கு விட்ட அறைகளில் இருந்தவை. பக்கத்து வீட்டாரும் தங்கள் பொருட்களைத் தந்து, விற்றால் நூற்றுக்குப் பத்து தருவதாகச் சொல்கிறார்கள். எல்லாமாகப் பதினைந்து இலட்சம் வங்கிக்கு வரும். வரி செலுத்துவோருக்கான டின் (TIN) அடையாள இலக்கமும் எடுத்துவிட்டேன். வரி கட்ட வேண்டுமா?

பதில்: ரீச்சர், அலுமாரியை நிம்மதியாக விற்கலாம். இலங்கையின் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில், சொத்தை விற்று வரும் இலாபத்துக்கான மூலதன ஆதாய வரி என்பது காணி, கட்டடம், கம்பனிப் பங்கு, பிணையங்கள் போன்றவற்றுக்குத்தான். நீங்கள் பாவித்த தளபாடமும் தையல் மெஷினும் அந்த வரையறைக்குள் வரவே இல்லை. உங்கள் கழுத்தில் கிடந்த நகையும் அப்படித்தான். அன்று வாங்கிய விலைக்கும் இன்றைய பவுன் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிரிட்ஜில் இலாபம் கண்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த ஏ.சி. இரண்டும்தான். வீட்டு ஹோலில் இருந்த ஏ.சி. வேறு, அறை வாடகைத் தொழிலுக்கு வாங்கிய ஏ.சி. வேறு. பின்னதுக்கு வருடா வருடம் மூலதனக் கொடுப்பனவு, அதாவது பொருளின் தேய்மானத்துக்காக வரிக் கணக்கில் விடும் தொகை, கழித்திருப்பீர்கள். அப்படியானால் விற்ற விலை, கழித்தது போக மீந்த பெறுமதியைவிடக் கூடினால், அந்தக் கூடுதல் தொழில் வருமானத்தில் சேரும். ஒரு உதாரணத்துக்கு, மீந்த பெறுமதி 40,000 ரூபா, விற்ற விலை 65,000 என்றால், 25,000 ரூபாவைக் கணக்கில் காட்ட வேண்டும். அறை வாடகையை இதுவரை கணக்கில் காட்டவே இல்லையென்றால், ஏ.சி.யை விடுங்கள், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அப்புறம் பக்கத்து வீட்டுச் சாமான்கள். நூற்றுக்குப் பத்து வாங்கினால் அது கமிஷன், அதாவது வருமானம். 'ஒரு தடவைதானே' என்று சொல்லித் தப்ப முடியாது. வியாபாரத் தன்மை இருந்தால், எவ்வளவு குறுகிய கால ஏற்பாடானாலும் சட்டம் அதைத் தொழில் என்றே பார்க்கும். பழைய பொருட்களை மலிவாக வாங்கி, துடைத்துப் படம் எடுத்து விற்பவர்களுக்கும் இதே கதைதான். பாவிக்க வாங்கினீர்களா, விற்க வாங்கினீர்களா என்பதைத்தான் அதிகாரி முதலில் பார்ப்பார்.

வருமானம் என்றவுடன் வரி வந்துவிடாது. 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் நிவாரணம் இருக்கிறது, அதாவது அவ்வளவு வருமானத்துக்கு வரி இல்லை. உங்கள் அரச ஓய்வூதியத்துக்கு வருமான வரி இல்லை, அதை இந்த 18 இலட்சத்தோடு கூட்டிப் பார்க்க வேண்டாம். டின் எடுத்தவர் எல்லாரும் வரி கட்டுபவர் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனாலும் பதினைந்து இலட்சம் வங்கிக்கு வந்தால் யாராவது கேட்கலாம். விளம்பரப் படம், வாங்கியவரோடு பேசிய மெசேஜ், காசு வந்த திகதி மூன்றையும் ஒரு கொப்பியில் ஒழுங்காக வையுங்கள். அயலாரின் காசு உங்கள் கணக்குக்கு வரவே வேண்டாம், வாங்குபவர் நேரே அவர்களுக்குப் போடட்டும்.

வீட்டையும் விற்கும் எண்ணம் இருந்தால் அது தனிக் கதை, காணி கட்டடத்துக்கு ஆதாய வரி உண்டு. ஆனால் விற்பதற்கு முன்பு தொடர்ந்து மூன்று வருடம் உங்கள் பெயரில் இருந்து, அதில் குறைந்தது இரண்டு வருடம் நீங்களே குடியிருந்த பிரதான வீடு என்றால் விலக்கு இருக்கிறது. உப்புவெளி அறைகளுக்கு அது பொருந்தாது. சந்தேகமென்றால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் 1944 இலக்கத்தில் கேளுங்கள்.

வந்த பணத்தை நிலையான வைப்பில் போட்டால் வட்டியில் 10 வீதத்தை வங்கியே வரியாகப் பிடித்துவிடும். வரிக்குக் கணக்கில் எடுக்கும் வருட வருமானம், நிவாரணம் கழிக்கும் முன், 18 இலட்சத்துக்குள் என்றால், அப்படிப் பிடிக்காமல் இருக்கச் சுய பிரகடனப் படிவத்தை நிரப்பி வங்கியில் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.