கிளினிக் கொப்பியில் 150, மருமகன் சொல்வது 130

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “அம்மாவுக்கு 62 வயது. மூன்று வருடமாகப் பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் குளிசை ஒன்றுதான் போடுகிறார். கொப்பியில் மாதா மாதம் 150/90, 152/88 என்றே விழுகிறது. டொக்டர் ‘இந்த வயதுக்குப் பரவாயில்லை’ என்கிறார். மட்டக்களப்பில் மருத்துவபீடத்தில் படிக்கும் மருமகன், ‘அப்பம்மாவுக்கு 130க்குக் கீழே வரவேணும் மாமி’ என்கிறான். யார் சொல்வது சரி?”

மருமகன் சொல்வதுதான் சரி. வயதோடு 100ஐக் கூட்டிப் பார்ப்பது பழைய கணக்கு. 80 வயது தாண்டியவர்களுக்குக்கூட பிரஷரைக் குறைத்தால் இதயச் செயலிழப்பும் இறப்பும் குறைகின்றன என்று 2008இல் வெளிவந்த ஹைவெட் ஆய்வு காட்டியது. உடம்பு தாங்குமென்றால் 65 வயதுக்குட்பட்டவர்களுக்கு 130/80க்குக் கீழே கொண்டுவரவேண்டும் என்பது 2020இன் சர்வதேச வழிகாட்டல்.

அதற்காக டொக்டருக்கு மருந்து தெரியாது என்று நினைக்கவேண்டாம். அம்லோடிபின் நல்ல மருந்து. எங்களில் பலர் தவறுவது அடுத்த படியில்தான். 150ஐப் பார்ப்போம், வெளியே நூறு பேர் காத்திருப்பார்கள், ‘அடுத்த மாதம் பார்ப்போம்’ என்று பழைய மருந்தையே எழுதிவிடுவோம். நானும் எழுதியிருக்கிறேன். இலங்கையின் 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேரிடம் செய்து 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாக எடுத்தவர்களில் 70 வீதம் பேர் ஆறு மாதத்தில் இலக்கை எட்டினார்கள். வழமையான சிகிச்சையில் 55 வீதம்தான். ஒரே மருந்தை இரட்டிப்பாக்குவதை விட, இன்னொரு வகையைச் சிறிய அளவில் சேர்ப்பது பெரும்பாலும் கூடுதலாக வேலை செய்யும்.

ஆனால் முதலில் அந்த 150 உண்மையா என்று பார்க்கவேண்டும். நிலாவெளி பஸ்ஸில் நெரிபட்டு வந்து, சட்டைக் கையைச் சுருட்டி இறுக்கிக்கொண்டு, கையைத் தொங்கவிட்டுக் கதைத்தபடி இருப்பவருக்குக் கருவி கூட்டித்தான் காட்டும். மாணவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கவிடு, முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில், கை நெஞ்சு மட்டத்தில். வீட்டில் கருவி இருந்தால் ஒரு வாரம், காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை அளந்து எழுதுங்கள். வீட்டு அளவின் சராசரி 135/85ஐத் தாண்டினால் அது உண்மையான பிரஷர்தான்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. கருவாடும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

வீட்டில் அளந்து எழுதிய குறிப்பைக் கொண்டுபோய் டொக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: “அம்மாவுக்கு இலக்கு எவ்வளவு? இன்னொரு குளிசை சேர்க்கலாமா?” அம்லோடிபினைக் கூட்டியபின் கணுக்கால் வீங்கினால் அது மருந்தாலும் வரலாம் என்பதைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வீக்கத்துக்கென்று வேறொரு குளிசை வந்து சேரும். அப்புறம், ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போகும் நாளில் அம்மா பிரஷர் குளிசையையும் விட்டுவிடுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். பலர் விடுகிறார்கள். டொக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலே தவிர, ஒரு வாய் தண்ணீரோடு அதைப் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.