ஆற்றங்கரையில் எடுத்த மரக்கட்டையைக் கொதிக்க வைத்துவிட்டு மீன் தொட்டியில் போடலாமா?

போடலாம். ஆனால் கொதிக்க வைப்பது இரண்டாவது வேலைதான். தொட்டிக்கு ஆகிற கட்டையா என்று முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் விட்டதில் ஆறு மீன்களை இழந்திருக்கிறேன்.

மான்கொம்பு மாதிரி கிளை விரிந்த கட்டை அது. இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்து, தேய்த்துக் கழுவிப் போட்டேன். பத்து நாள் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு காலையில் பார்த்தால், மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கட்டையை வெளியே எடுத்து அடிப்பக்கம் அழுத்தினேன், விரல் உள்ளே போனது. அழுகிய முட்டை நாற்றம். மேலே கெட்டி, உள்ளே உளுத்துப் போயிருந்தது. உளுத்த பகுதி தண்ணீரில் அழுகும்போது, அதை அழுகவைக்கும் பாக்டீரியாக்கள் தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. எத்தனை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் இது சரியாகாது.

அதனால் இப்போது கையில் ஓர் ஆணி இல்லாமல் கட்டை தேடப் போவதில்லை. நாலைந்து இடத்தில் அழுத்திக் குத்திப் பார்ப்பேன், முக்கியமாக வெட்டுமுனையிலும் கிளை பிரியும் கவட்டிலும். வைரம் பாய்ந்த கட்டையில் ஆணி வழுக்கும். பொதுக்கென்று இறங்கினால், அந்தப் பகுதியை முழுக்கச் செதுக்கி எடுக்க வேண்டும். செதுக்கச் செதுக்க மெத்தென்றே வந்தால் கட்டையையே விட்டுவிடுங்கள்.

பச்சை மரம் வேண்டாம். தானாகப் பட்டுப்போய், நன்றாகக் காய்ந்த கடினமான மரம்தான் சரி. கொய்யா நல்ல கட்டை. பைன் போலப் பிசின் வடிகிறவை, அரளி, பால் வடிகிற மரங்கள் கூடாது. பெயின்ட் அடித்த பலகை, ப்ளைவுட், மருந்து அடித்த தோட்டத்து மரம், கழிவுநீர் கலக்கும் ஆற்றில் கிடந்த கட்டை, இவற்றையும் தொடாதீர்கள். மரம் உறிஞ்சி வைத்திருப்பதைக் கழுவி எடுக்க முடியாது. சோப்பு, பிளீச்சிங் பவுடர் போட வேண்டாம் என்று சொல்வதும் இதற்காகத்தான்.

கட்டை தேறிவிட்டதா? பட்டையை மிச்சமில்லாமல் உரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் தொட்டிக்குள் அழுகி உதிரும். கெட்டியான பிரஷ்ஷால் வெறும் தண்ணீரில் தேயுங்கள். அப்புறம் ஒன்றிரண்டு மணி நேரம் கொதிக்க விடுங்கள். பூச்சி, முட்டை, பூஞ்சை போகும். நாள் முழுக்கக் கொதிக்க வைத்தால் மரமே மெத்தென்று ஆகிவிடும். பாத்திரத்தில் அடங்காத கட்டை என்றால் கொதிநீரை மேலே பல தடவை ஊற்றலாம்.

அடுத்தது ஊறவைப்பது. தினமும் தண்ணீரை மாற்றுங்கள். முதல் சில நாள் கடுந்தேநீர் நிறத்தில் இறங்கும். அது மரத்திலிருக்கும் டானின் என்கிற துவர்ப்புச் சத்து. மீனுக்குக் கெடுதல் இல்லை, தண்ணீரின் பி.எச். அளவை மட்டும் கொஞ்சம் குறைக்கும், அதாவது தண்ணீரில் அமிலத்தன்மை சற்றுக் கூடும். டெட்ரா, பைட்டர் மீன்களுக்கு அது பிடித்தமான தண்ணீர்தான். நிறம் பிடிக்காதவர்கள் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் (நிறத்தை உறிஞ்சும் கரி) வைக்கலாம். கட்டை தானாக மூழ்கும்வரை ஊறட்டும்; அதற்குச் சில வாரங்கள்கூட ஆகலாம். அவசரப்பட்டு இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் இறுக்கிச் செருகி வைத்துவிடாதீர்கள். ஊறின மரம் உப்பும், கண்ணாடி விரிசல் விடும்.

தொட்டியில் போட்ட முதல் வாரங்களில் கட்டைமேல் வெள்ளையாக, சளி மாதிரி ஒரு படலம் படியும். பயப்பட வேண்டாம். நத்தையும் இறாலும் அதைத் தின்னும். இல்லையென்றால் தண்ணீர் மாற்றும்போது பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள், சில வாரங்களில் தானே நின்றுவிடும். ஆனால் வாரம் ஒருமுறை கட்டையை மோந்து பாருங்கள். ஈரமண் வாசனை வந்தால் சரி. அழுகிய முட்டை வாடை வந்தால் அன்றைக்கே வெளியே எடுத்துவிட்டு, பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள்.