காதில் ஊற்றிய விஷம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: மகளுக்கு மதுரைக் கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகம் பாடம். அவள் சொல்லச் சொல்ல நானும் கதை முழுக்கக் கேட்டுவிட்டேன். அப்பாவைக் கொன்றது சித்தப்பன்தான் என்று தெரிந்த பிறகும் ஹாம்லெட் எதற்குப் பைத்தியமாக நடிக்க வேண்டும்?
- வாசகி, திருமங்கலம்

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள் அம்மா. ஷேக்ஸ்பியருக்கு வெகுகாலம் முன்பே, 1200 வாக்கில், சாக்ஸோ கிராமட்டிகஸ் என்ற டென்மார்க்காரர் இந்தக் கதையை லத்தீனில் எழுதியிருக்கிறார். அதில் கொலை ஊரறிய நடக்கிறது, பையனையும் விட்டுவைக்க மாட்டான் சித்தப்பன், அதனால் அவன் உயிர் பிழைக்கப் புத்தி கெட்டவன்போல் நடிக்கிறான். ஷேக்ஸ்பியர் கொலையை ரகசியமாக்கிவிட்டார். தோட்டத்தில் தூங்கிய ராஜாவைப் பாம்பு கடித்தது என்று நாட்டுக்குச் சொல்கிறார்கள், உண்மையில் தம்பி கிளாடியஸ் காதில் விஷத்தை ஊற்றினான். அதை ஹாம்லெட்டிடம் சொன்னது, செத்த அப்பாவின் உருவில் வந்த ஒரு ஆவி. அந்த ஆவியே ஏமாற்றுகிற பிசாசாக இருந்தால்? அந்தச் சந்தேகம் ஹாம்லெட்டுக்கே வருகிறது. பைத்தியம் என்று பெயர் வாங்கிவிட்டால் யாரையும் சீண்டிப் பார்க்கலாம், எதையும் பேசலாம். ஆனால் அந்த வேஷமே அவனுக்கு வினையாகப் போனது. அதைப் பார்த்துத்தான் கிளாடியஸ் உஷாராகி, சின்ன வயசு நண்பர்கள் இரண்டு பேரை வரவழைத்து அவனை வேவு பார்க்கவிடுகிறான்.

இன்னொன்றும் உங்கள் மகளிடம் கேளுங்கள், ரெய்னால்டோ வரும் காட்சியை வகுப்பில் நடத்தினார்களா என்று. மந்திரி பொலோனியஸ், பாரீஸில் இருக்கும் மகன் லேயர்ட்டஸின் நடத்தையை அறிய வேலைக்காரன் ரெய்னால்டோவை அனுப்புகிறார். லேயர்ட்டஸ் சூதாடுவான், குடிப்பான் என்று நீயே நாலு பேரிடம் லேசாகச் சொல்லிப் பார், உண்மை தானாக வரும் என்கிறார். நம் பக்கத்தில் போட்டு வாங்குவது என்போமே, அதைப் பெற்ற அப்பனே செய்கிறான்! மேடையில் பல சமயம் இதை வெட்டிவிடுகிறார்கள், வெட்டவே கூடாது. அப்புறம் மகள் ஒஃபீலியாவை ஹாம்லெட் வரும் வழியில் நிறுத்திவிட்டு, இப்போது ராஜாவாகிவிட்ட கிளாடியஸோடு ஒளிந்து நின்று கேட்பதும் இதே மனுஷன்தான், ஹாம்லெட்டின் அம்மாவான ராணியின் அறையில் திரைக்குப் பின்னால் ஒட்டுக்கேட்கும்போது ஹாம்லெட்டின் கையால் குத்துப்பட்டுச் சாவதும் இவர்தான். அந்தச் சாவைப் பற்றிய புறணி லேயர்ட்டஸின் காதில் ஏற, கொதித்து வந்தவனைக் கிளாடியஸ் பேசியே வளைத்து, விஷம் தடவிய வாளோடு ஹாம்லெட்டின் எதிரே நிறுத்துகிறான்.

கேள்வி: அந்த நாடகத்தில் உங்களுக்கு மனசு ஆறாத இடம் எது?
- வாசகர், செல்லூர்

பதில்: ஒஃபீலியாதான். நடிக்கப்போவதை ஹாம்லெட் நண்பன் ஹொரேஷியோவிடம் முன்கூட்டியே கோடி காட்டினான், பிறகு அம்மாவிடம் நேராகவே சொன்னான். காதலித்த பெண்ணிடம் ஒரு வார்த்தை இல்லை. அப்பா அவன் கையால் சாக, அவளுக்கு நிஜமாகவே சித்தம் கலங்குகிறது, பூக்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துக்கொண்டு பாடுகிறாள், ஓடையில் மூழ்கிப் போகிறாள். கடைசி வாள்சண்டைக்கு முன்னால் அவளுடைய அண்ணனிடம், உனக்குத் தீங்கு செய்தது நான் இல்லை, என் பைத்தியம் என்று அவன் மன்னிப்புக் கேட்கிறானே, அதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கேள்வி: திருவிழா மேடையில் வள்ளி திருமணம் பார்த்து வளர்ந்தவன் நான். ஹாம்லெட் தமிழ் மேடைக்கு வந்திருக்கிறதா?
- வாசகர், மேலூர்

பதில்: வந்திருக்கிறது. பம்மல் சம்பந்த முதலியார் அதை 'அமலாதித்தன்' என்று தமிழாக்கினார். சென்னையில் அவருடைய சுகுண விலாச சபை நடித்தது.