காத்தாடிக்கு எதுக்குங்க கரண்ட்?

கேள்வி: ஆரல்வாய்மொழி வழியா போறப்போ காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது, ஆனா சில காத்தாடி சுத்துது சிலது சும்மா நிக்குது. டீக்கடைல கேட்டா ‘லைன்ல கரண்ட் இல்லன்னா காத்தாடியும் நின்னுரும்’ங்கிறாங்க. கரண்ட் தயாரிக்கிற மெஷினுக்கே கரண்டா, கிண்டல் பண்றாங்களா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: கிண்டல் இல்லீங்க, நிஜம்தான். 1986ல தூத்துக்குடி பக்கம் சின்னதா ஒரு காத்தாலை போட்டாங்க, மெஷின் ஒண்ணு வெறும் 55 கிலோவாட், இப்ப வர்ற 2 மெகாவாட் மெஷின் ஒண்ணுக்கு அந்த மாதிரி முப்பத்தாறு வேணும். அந்தக் காலத்து மெஷின்ல பெரும்பாலும் இருக்கிறது இண்டக்‌ஷன் ஜெனரேட்டர், உள்ள நிரந்தர காந்தமே கிடையாது, காந்தப்புலம் உண்டாக்கவே லைன்ல இருந்துதான் கொஞ்சம் கரண்ட் இழுத்துக்கணும்.

றெக்கை மெதுவாத்தான் சுத்தும், கியர்பாக்ஸ்தான் அதை நிமிஷத்துக்கு 1500 சுத்துக்குக் கொண்டு போகுது. இங்கதான் விஷயமே இருக்கு. நம்ம லைன் 50 ஹெர்ட்ஸ், அதாவது கரண்ட் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமா ஆடுது, அதனால நாலு காந்த முனை (pole) இருக்கிற ஜெனரேட்டருக்கு 1500தான் எல்லைக்கோடு, அதுக்குக் கீழ போச்சுன்னா அது வெறும் மோட்டர், கரண்ட்டைத் தின்னும், காத்து தள்ளி 1500ஐ கொஞ்சூண்டு தாண்டுச்சுன்னா அதே மெஷின் கரண்ட்டை லைனுக்குக் கொடுக்க ஆரம்பிச்சிரும். லைன் செத்துப்போச்சுன்னா இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லாம றெக்கை கன்னாபின்னான்னு வேகம் எடுக்கும், அதனாலதான் உடனே பிரேக் விழுது, பழைய மெஷின்ல றெக்கையோட நுனி மட்டும் தனியா திரும்பி காத்தை மறிக்கும், பாத்திருக்கீங்களா? புது மெஷின்ல எலக்ட்ரானிக்ஸ் நிறைய வந்தாச்சு, ஆனா லைன் போனா அதுவும் நிறுத்திக்கும்.

நிக்கிறதெல்லாம் கரண்ட் இல்லாமன்னு நெனச்சிராதீங்க, ரிப்பேரா இருக்கலாம், சீசன்ல லைன் தாங்காதுன்னு நிறுத்தச் சொல்லியிருக்கலாம், இல்ல முன்னாடி நிக்கிற காத்தாடி காத்தைத் தின்னுருக்கலாம். காத்து வேகம் பாதியானா கிடைக்கிற சக்தி பாதி இல்லீங்க, எட்டுல ஒரு பங்குதான். இத மறந்துட்டு இடம் பாத்து வாங்கினவங்க பாடு திண்டாட்டம்தான்.

கேள்வி: இந்தக் காத்தாடிங்கதான் மேகத்தைக் கலைச்சு மழையைக் கெடுக்குதாமே?
– வாசகி, பணகுடி

பதில்: ஊர்ல பல வருஷமா ஓடுற பேச்சு இது. மழை மேகம் காத்தாடிக்கு ரொம்ப மேல போகுது, றெக்கை அத தொடவே தொடாது. தென்மேற்குப் பருவக்காத்து கேரளா பக்கம் மலைல முட்டி தண்ணியை அங்கயே கொட்டிட்டு, ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வேகமா, காஞ்சு போய் இந்தப் பக்கம் வருது. அந்தக் காத்துக்காகத்தான் காத்தாடியையே அங்க நட்டாங்க. உங்களுக்கு மழை வேணும்னா ஐப்பசி வரைக்கும் பொறுக்கணும், அது வடகிழக்குல இருந்து வர்றது, அப்ப பாருங்க, காத்தாடில பாதி தூங்கிட்டு இருக்கும்.