மாட்டுக்கு மேல்பல் எப்போது முளைக்கும்?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. கீழ்வரிசையில் விழுந்த இரண்டு பற்களும் மறுபடி முளைத்துவிட்டன. இப்போது மேலே முன்பற்கள் இரண்டும் விழுந்து பொக்கையாக இருக்கிறாள். விடுமுறையில் தாத்தா வீட்டுப் பசு வாயைத் திறந்ததைப் பார்த்துவிட்டு, “அம்மா, மாட்டுக்கும் மேல்பல் விழுந்துவிட்டது, எப்போது முளைக்கும்?” என்று கேட்டாள். அதற்கு வயதாகிவிட்டது என்று சொல்லிவைத்தேன். என் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அன்றுமுதல் எந்த விலங்கைப் பார்த்தாலும் பல்லைப் பற்றியே கேட்கிறாள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது? கூடவே ஒன்று: எங்கள் வீட்டு முயல் நாற்காலிக் காலைக் கடித்துக்கொண்டே இருக்கிறது. பல்லில் ஏதாவது கோளாறா?

பதில் (கால்நடை மருத்துவர்): உங்கள் அப்பா சிரித்ததில் நியாயம் இருக்கிறது. அந்தப் பசுவுக்கு மேல் முன்பற்கள் பிறந்ததிலிருந்தே இல்லை. இனி முளைக்கப் போவதும் இல்லை. எருமை, ஆடு, மான் எல்லாவற்றுக்கும் இப்படித்தான். நீங்கள் வெட்கப்பட வேண்டாம். நான் பணியில் சேர்ந்த புதிதில், பொக்கை மாட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஒருவர் சந்தையில் வாங்கிய பசுவோடு வந்து நின்றார். பசு நல்ல இளம் பசு. வாயில் ஒரு குறையும் இல்லை.

பல் இருக்க வேண்டிய இடத்தில் மாட்டுக்குத் தடித்த மெத்தை போன்ற ஈறு இருக்கிறது. நாக்கை நீட்டிப் புல்லைச் சுற்றி வளைத்து இழுக்கும். கீழ் முன்பற்கள் எட்டையும் அந்த மெத்தைமீது அழுத்திக்கொண்டு தலையை ஒரு வெட்டு வெட்டும். புல் ‘சரக்’கென்று அறுந்துவரும். இதை விளக்க உங்கள் மகளைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. கழுவிய கொத்தமல்லித் தண்டு ஒன்றைக் கொடுங்கள். கீழே முளைத்திருக்கும் இரண்டு பற்களால் மேல் ஈறோடு அழுத்திப் பிடித்து, தலையை அசைத்து அறுக்கச் சொல்லுங்கள். மேல்பல் முளைத்துவிட்டால் இந்த வாய்ப்பு போய்விடும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

பிறகு பின்வாய்க்கு வாருங்கள். பொக்கை என்று நாம் நினைக்கும் அந்த வாயில் மொத்தம் 32 பற்கள் இருக்கின்றன, வளர்ந்த மனிதருக்கு இருப்பதைப் போலவே. மேலே 12, கீழே 20. நிஜமான வேலை கடைவாயில்தான் நடக்கிறது. அசைபோடும் மாட்டின் தாடையைப் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். அது மேலும் கீழும் மட்டும் போவதில்லை; பக்கவாட்டில் சுற்றிவரும். அம்மியில் குழவி ஓடுவது போலத்தான்.

அம்மி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அரைத்து அரைத்து அம்மி வழவழப்பாகிவிட்டால் மசாலா மசியாது. உளியால் கொத்த வேண்டும். முன்பு அதற்கென்றே ஆட்கள் தெருவில் வருவார்கள். மாட்டின் கடைவாய்ப்பல்லுக்குக் கொத்துகிறவர் தேவையில்லை. கடினமான எனாமல் அதில் மடிப்பு மடிப்பாக ஓடுகிறது. இடையில் இருப்பது அதைவிட மென்மையான பொருள். மென்மையானது சீக்கிரம் தேய, எனாமல் வரப்பு போல எழும்பி நிற்கும். அரைக்க அரைக்கத் தன்னையே கொத்திக்கொள்ளும் அம்மி அது. எத்தனையோ மாட்டு வாய்களைப் பார்த்த பிறகும் எனக்கு இதில் வியப்பு தீரவில்லை.

யானையின் வாயிலும் அம்மிதான். ஆனால் அம்மியையே மாற்றிக்கொள்கிறது. நம்மைப் போல ஒரு பல் விழுந்து அதன் கீழிருந்து இன்னொன்று வராது. பின்னாலிருந்து புதிய கடைவாய்ப்பல் மெல்ல நகர்ந்துவந்து தேய்ந்ததை முன்னால் தள்ளிவிடும். வாழ்நாளில் ஆறு தொகுதிகள். ஆறாவதும் தேய்ந்தால் மென்று தின்ன முடியாமல் கிழயானை மெலிந்துபோகும். தந்தத்தைக் கோரைப்பல் என்று பலர் சொல்கிறார்கள். அது நீண்டு வளர்ந்த மேல் வெட்டுப்பல். பட்டையை உரிக்க, மண்ணைக் கிளற, சண்டைக்கு எல்லாம் பயன்படும். மெல்லுவதற்கு மட்டும் பயன்படாது. காட்டுப்பன்றியின் வாய்க்கு வெளியே வளைந்து நிற்பதுதான் கோரைப்பல்.

பூனையைப் புரியவைக்க ஒரு மீன்தலை போதும். தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு கடைவாயில் வைத்துக் கடிப்பதை மகளுக்குக் காட்டுங்கள். அங்கே மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. கத்தரிக்கோலின் இரு அலகுகள் போல உரசிக் கடந்துபோகும். பூனையின் தாடை பக்கவாட்டில் ஆடுவதில்லை, அதனால் அரைக்க முடியாது. விழுங்கும் அளவுக்குத் துண்டாக்கினால் அதற்குப் போதும்.

முதலைக்கு அந்தக் கத்தரிக்கோலும் கிடையாது. அதன் பற்கள் பிடித்துக்கொள்ளத்தான். பெரிய இரையைத் தண்ணீரில் உருண்டு புரண்டு பிய்க்கும். பல் விழுந்தால் ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் வேறு முளைக்கும் (இதைச் சொன்னால் உங்கள் மகள் பொறாமைப்படக்கூடும்). கோழிக்குப் பல்லே இல்லை. சிறு கற்களைக் கொத்தி விழுங்கிவிடும். வயிற்றிலுள்ள அரைவைப்பை அவற்றைக் கொண்டு தானியத்தை அரைத்துவிடும்.

இனி உங்கள் முயல். கடிப்பது கோளாறு அல்ல, அதன் சுபாவம். எலி, அணில், முயல் மூன்றுக்கும் முன்பற்கள் ஓயாமல் வளரும். முயலுக்கு வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், அதோடு கடைவாய்ப்பற்களும் வளரும். தேய்மானம் இருந்தால்தான் அளவில் நிற்கும். எலிப்பல்லில் எனாமல் முன்பக்கம் மட்டுமே இருப்பதால் பின்பக்கம் சீக்கிரம் தேய்ந்து, உளி போலக் கூராகவே இருக்கும்.

நான் கேட்க விரும்புவது, முயலுக்கு என்ன தீனி போடுகிறீர்கள் என்பதுதான். சோறு, ரொட்டி, கடையில் வாங்கும் குருணைத்தீனி என்று மெத்தென்ற தீனியே கொடுத்தால் பல் தேயாது. நாள் முழுவதும் கொறிக்கும்படி காய்ந்த புல்லும் பசும்புல்லும் தாராளமாக இருக்கட்டும். தீனியில் பெரும்பங்கு புல்லாகவே இருக்க வேண்டும். கேரட் எப்போதாவது ஒரு துண்டு போதும், அதில் இனிப்பு அதிகம். பூச்சிமருந்து படாத கொய்யாக் குச்சியைப் போட்டுவைத்தால் நாற்காலி பிழைக்கும். எச்சில் வடிந்து தாடை நனைந்திருந்தாலோ, தீனியை எடுத்துக் கீழே போட்டாலோ, ஒரு நாள் சாப்பிடாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நகவெட்டியால் பல்லை வெட்டாதீர்கள், பல் பிளந்துவிடும்.

இன்னொன்று. பல்லைப் பார்க்கும் ஆர்வத்தில் குழந்தை எந்த விலங்கின் வாய்க்குள்ளும் கைவிடக் கூடாது. மாட்டின் முன்வாயில் மேல்பல் இல்லையே என்று நம்பிக் கடைவாயில் விரலைக் கொடுத்தவர்களுக்கு நான் கட்டுப்போட்டிருக்கிறேன். நாயோ பூனையோ கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, “இது எத்தனை பல் மாடு, தாத்தா?” என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். சந்தையில் மாட்டின் வயதைப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் சொல்வார்கள். கன்றுக்கு இருப்பவை பால்பற்கள். ஏறக்குறைய இரண்டு வயதில் கீழே நடுவிலுள்ள இரண்டும் விழுந்து பெரிய பற்கள் வரும்; அதுதான் ‘இரண்டு பல் போட்ட’ மாடு. பிறகு நான்கு, ஆறு. ஐந்து வயதுக்குள் எட்டும் நிறைந்துவிடும். கீழே நடுவில் இரண்டு பல் முளைத்திருக்கும் உங்கள் மகளும் அந்தக் கணக்கின்படி இப்போது ‘இரண்டு பல்’தான். தாத்தாவிடம் வாயைத் திறந்து காட்டட்டும்.